கொரோனா நேரத்து ஆராய்ச்சியால காவிரி டெல்டாவுக்கு என்ன லாபம்? ஒரு புள்ளிக்கணக்கு ஆளோட பதில்

கும்பகோணத்துல சமூகப்பணி படிக்கிற ஒரு தம்பி கேட்ட கேள்விக்கு இது பதில். கேள்விய அவர் சொன்னபடியே சுருக்கிப் போட்டுடறேன்: "கொரோனால ஜனங்க வேலையத்து வீட்டுல முடங்கிக் கெடந்தப்ப ரத்தம் எடுக்கறோம் சர்வே எடுக்கறோம்னு ஏன் ஆளையும் காசையும் விட்டாங்க, அத அரிசியா குடுத்திருக்கலாமே? அந்த ஆராய்ச்சியும் இன்னைக்கு ஒண்ணு சொல்லுச்சு நாளைக்கு வேற சொல்லுச்சு. எங்க டெல்டாவுக்கு அதனால என்ன லாபம்?" கோவத்தோட கேட்டிருக்காரு, கோவத்துல நியாயமும் இருக்கு, ஆனா அந்த ஒரு கேள்விக்குள்ள மூணு கேள்வி பின்னிக்கிட்டு கெடக்கு, பிரிச்சாத்தான் பதில் சொல்ல முடியும்.

நான் யாருன்னா, திருவாரூர் மாவட்டத்துல வட்டார சுகாதாரப் புள்ளியியலாளரா இருந்து ரிட்டயர் ஆனவன். பேருதான் பெருசு. பிறப்பு, இறப்பு, தடுப்பூசி, காய்ச்சல், பேதி எல்லாத்தையும் எண்ணி கட்டம் போட்டு மேல அனுப்பறதுதான் வேலை. ஆரம்ப சுகாதார நிலையத்துல, அதான் பி.எச்.சி.ல, எல்லாரும் "புள்ளி சார்"னு கூப்பிடுவாங்க. நான் டாக்டர் இல்ல, அதனால மருந்து பத்தி நான் எழுதறத வச்சு யாரும் மாத்திரை வாங்கிடாதீங்க. எண்ணுறதப் பத்தி மட்டும் எனக்குத் தெரியும், அத வச்சுத்தான் பேசறேன்.

அரிசிலேர்ந்தே ஆரம்பிக்கலாம். 2020 மார்ச் 25 நாடு பூரா அடைச்சாங்க, ஏப்ரல்லயே நம்ம மாநிலத்துல அரிசி கார்டு வச்சிருந்த எல்லாருக்கும் 1,000 ரூபாயும் கூடவே இலவசமா அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் வந்துச்சு. அவ்வளவு வேகமா எப்படி வந்துச்சுன்னு யோசிச்சிருக்கீங்களா தம்பி? 1997ல நாடு பூரா ரேஷன வறுமைக்கோட்டுக்கு மேல கீழன்னு பிரிச்சப்ப தமிழ்நாடு பிரிக்க மாட்டேன்னு நின்னுச்சு, எல்லாருக்கும் உண்டுன்னு வச்சுகிச்சு. பிரிச்ச மாநிலங்கள்ல ஆராய்ச்சிக்காரங்க வீடு வீடா போய் பாத்தப்ப பட்டியல்லேர்ந்து விழுந்தது பெரும்பாலும் நெசமாவே இல்லாதப்பட்டவங்கதான்னு திரும்பத் திரும்ப தெரிய வந்துச்சு, ஏன்னா பட்டியல்ல ஏற ஒரு சிபாரிசு வேணும், ஒரு காகிதம் வேணும், அது அவங்கிட்ட இருக்காது. இங்க அந்தப் பிரிக்கிற வேலையே இல்ல, ஏப்ரல்ல ஏழை யாருன்னு தேட வேண்டியதில்ல, கடை இருக்கு, கார்டு இருக்கு, டோக்கன் குடுத்தாங்க, முடிஞ்சுது. அரிசியா குடுத்திருக்கலாமேன்னு நீங்க சொல்றீங்களே, அந்த அரிசி ஒழுங்கா வந்ததே இருபது முப்பது வருஷமா யாரோ உக்காந்து யாருக்கு வருது யாருக்கு வரலன்னு எண்ணினதால கெடச்ச புத்திதான்.

அதுலயும் விட்டுப்போனவங்க இருந்தாங்க. நீடாமங்கலத்துல கார்டு, திருப்பூர்ல பொழப்புன்னு நம்ம பக்கத்துல எத்தன குடும்பம் இருக்கு, பனியன் கம்பெனி அடைச்சதும் பஸ்ஸு இல்லாம அங்கயே மாட்டிகிட்டவங்களுக்கு ஊர்ல இருக்கற கார்டு என்னத்துக்கு ஆகும்? எந்தக் கடையிலயும் வாங்கிக்கலாம்ங்கற திட்டம் தமிழ்நாட்டுல 2020 அக்டோபர் 1லேர்ந்துதான் வந்துச்சு. வெளியூர் பொழப்புக்காரங்க எத்தன பேரு, எங்க இருக்காங்கன்னு கையில ஒரு கணக்கு இருந்திருந்தா அத ஏப்ரல்லயே யோசிச்சிருப்பாங்க. இல்ல. 2021ல எடுக்கவேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தள்ளிப்போச்சு, 2011 கணக்க வச்சுகிட்டுத்தான் எல்லாத்தையும் ஓட்டினோம்.

இப்ப ரெண்டாவது, மாத்தி மாத்தி சொன்னாங்கங்கற புகார். இது நெஜம்தான், நானே அந்த நேரத்துல கடுப்பாயிருக்கேன். ஆனா என்ன நடந்துச்சுன்னு ஒண்ண மட்டும் எடுத்துப் பாருங்க. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை நினைவிருக்கா, மெடிக்கல்ல கெடைக்காம ஆளாளுக்கு அலைஞ்சாங்களே. 2020 மே 22ந்தேதி லான்செட் பத்திரிகைல ஒரு கட்டுரை வந்துச்சு, 96,000 நோயாளிங்க கணக்கப் பாத்தோம், அந்த மாத்திரை சாப்பிட்டவங்க அதிகமா சாவுறாங்கன்னு. உலக சுகாதார நிறுவனம் உடனே தன்னோட சோதனைல அந்த மாத்திரைய நிறுத்தி வச்சுது. அப்புறம் நூறு பேருக்கு மேல ஆராய்ச்சிக்காரங்க சேந்து கேட்டாங்க, இந்த 96,000 பேரோட விவரம் எந்த ஆஸ்பத்திரிலேர்ந்து வந்துச்சு, நோட்ட காட்டுன்னு. சர்ஜிஸ்ஃபியர்ங்கற அந்த கம்பெனியால காட்ட முடியல. ஜூன் 4 கட்டுரைய வாபஸ் வாங்கிட்டாங்க. அடுத்த நாளே, ஜூன் 5, இங்கிலாந்துல ரெகவரின்னு ஒரு சோதனை நடத்தினவங்க சொன்னாங்க, நாங்க சீட்டுக் குலுக்கிப் போட்டு கொஞ்சம் பேருக்கு குடுத்து மத்தவங்களுக்கு குடுக்காம பாத்தோம், இந்த மாத்திரையால ஆஸ்பத்திரில படுத்தவங்களுக்கு பிரயோஜனம் இல்லன்னு. வெளியிலேர்ந்து பாத்தா ஆபத்துன்னான், இல்லன்னான், பிரயோஜனம் இல்லன்னான், ரெண்டு வாரத்துல மூணு பேச்சு. உள்ள பாத்தா ஒண்ணு நோட்டே இல்லாத கணக்கு, இன்னொண்ணு நோட்டு இருக்கற கணக்கு. நோட்டு இல்லாதத ரெண்டு வாரத்துல புடிச்சு தூக்கி எறிஞ்சாங்களே, அத நான் ஆராய்ச்சி தோத்துப்போச்சுன்னு சொல்ல மாட்டேன்.

அதே ரெகவரி ஆளுங்க ஜூன் 16 சொன்னது இன்னும் பெருசு. டெக்ஸாமெத்தசோன், நம்ம பி.எச்.சி. அலமாரில எப்பவும் கெடக்கற பழைய ஸ்டீராய்டு, ஊசி ஒண்ணு சில ரூபாதான். வென்டிலேட்டர்ல இருக்கறவங்க சாவ மூணுல ஒரு பங்கும், ஆக்சிஜன்ல இருக்கறவங்க சாவ அஞ்சுல ஒரு பங்கும் அது குறைக்குதுன்னு. ஆக்சிஜன் தேவைப்படாதவங்களுக்கு ஒண்ணும் பண்ணலன்னும் சொன்னாங்க, அத நம்மாளுங்க காதுல வாங்கல, லேசா காய்ச்சல் வந்தவனுக்கெல்லாம் மொத நாளே ஸ்டீராய்டு போட்ட கதை உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்.

இன்னொரு பக்கம் ரெம்டெசிவிர். அதால சாவு குறையலன்னு 2020 அக்டோபர்லயே உலக சுகாதார நிறுவனத்தோட சோதனை சொல்லுச்சு, நவம்பர்ல அந்த மருந்து வேணாம்னே அறிவுரை குடுத்தாங்க. ஆறு மாசம் கழிச்சு 2021 ஏப்ரல் மே மாசத்துல அந்த மருந்துக்கு சென்னை கீழ்ப்பாக்கத்துல ராத்திரி பகலா க்யூ. எங்க தெருவுல ஒருத்தரு மகனுக்கு, ஒரு தனியார் ஆஸ்பத்திரில எழுதிக் குடுத்துட்டாங்கன்னு, வீட்டம்மா கழுத்துல கெடந்த செயின வித்து கள்ள விலைல வாங்கிட்டு வந்தாரு. ஆஸ்பத்திரி பேரு வேணாம், எல்லா ஊர்லயும் நடந்ததுதான். பையன் பொழச்சுட்டான், அவரு இன்னைக்கும் அந்த ஊசிதான் காப்பாத்துச்சுன்னு நம்பறாரு, நான் எதுத்துப் பேசறதில்ல. கொரோனா வந்து குணமானவங்க ரத்தத்துலேர்ந்து எடுத்து ஏத்தற பிளாஸ்மாவும் இதே கதைதான், நம்ம இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலே (ஐ.சி.எம்.ஆர்.) 39 ஆஸ்பத்திரில 464 பேர வச்சு பாத்து பிரயோஜனம் இல்லன்னு 2020லயே சொல்லிடுச்சு, ஆனா சிகிச்சை வழிகாட்டிலேர்ந்து அத எடுத்தது 2021 மே மாசம். அதுவரைக்கும் பிளாஸ்மா வேணும் பிளாஸ்மா வேணும்னு வாட்ஸ்அப்ல எத்தன மெசேஜ். ஆராய்ச்சிக்கு ஆன செலவ கேட்டீங்களே தம்பி, ஆராய்ச்சி சொல்லி முடிச்சப்புறமும் கேக்காததால ஜனங்க கைக்காசு எவ்வளவு போச்சுன்னு ஒரு கணக்கு எடுங்க, அதுவே நல்ல பிராஜெக்டு.

சரி, ரத்தம் எடுத்தது. இதுல நான் கூட நடந்தவன், அதனால கொஞ்சம் நீட்டிச் சொல்றேன், பொறுத்துக்கங்க.

2020 அக்டோபர் நவம்பர்ல மாநிலம் பூரா 888 இடத்த தேர்ந்தெடுத்து, இடத்துக்கு 30 பேருன்னு கணக்கு. கொரோனா வந்துட்டுப் போன தடம் ரத்தத்துல இருக்கான்னு பாக்கற சர்வே. எங்களுக்கு விழுந்த ஊர்ல ஒண்ணு மன்னார்குடிக்கு தெக்க. மாசத்த கவனிங்க, ஐப்பசி, சம்பா நடவும் களையெடுப்பும் ஓடிகிட்டு இருக்கற நேரம், மழை வேற. காலைல ஒம்பது மணிக்கு லேப் டெக்னீஷியனோட போய் நின்னா பாதி வீடு பூட்டு. பூட்டாத வீட்டுல யாரு இருப்பா? ரிட்டயர் ஆனவங்க, கடைக்காரங்க, உடம்பு முடியாதவங்க. வயல்ல ஒண்ணா நிக்கறவங்க, ஒரே டாட்டா ஏஸ்ல இருவது பேரு நெருக்கி ஏறிப் போறவங்க, அவங்கதான் பூட்டின வீட்டுக்காரங்க. கூட வந்த பையன் ஒருத்தன், நல்ல பையன்தான், "சார் இந்தத் தெருவுலயே 30 தேத்திடலாம் சார், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போனா சேறு"ன்னான். அந்தப் பக்கம்தான் காலனி. மூங்கில் பாலம் ஒண்ணு, அதுவும் அந்த மழைல ஆடிகிட்டு கெடந்துச்சு.

அப்ப ஒரு அப்பாயி, கொள்முதல் நிலையத்துல நெல்லு தூத்தற வேலைக்குப் போனவங்களாம், திண்ணைல உக்காந்து எங்கள பாத்துகிட்டே இருந்துட்டு கேட்டுச்சு, "ஏன் தம்பி, மூட்டைல குத்தூசி போட்டு நெல்ல உருவிப் பாப்பாங்களே, அந்த மாதிரி ஊர்ல முப்பது பேர உருவிப் பாக்கறீங்களா?" நான் முப்பது வருஷம் சாம்ப்ளிங் பத்தி டிரெய்னிங் கேட்டிருக்கேன், யாரும் இவ்வளவு சுருக்கா சொன்னதில்ல. ஆமா ஆயா, அதேதான்னேன். உடனே அடுத்தது வந்துச்சு பாருங்க: "அப்ப மேலாக்க உருவாதீங்க. ஈர நெல்ல அடில போட்டு மேல காஞ்சத கொட்டி ஈரத்த 17 புள்ளிக்குள்ள காட்டிப்புடுவானுவ."

அவ்வளவுதான், பையன் வாய மூடிட்டான், பாலத்த தாண்டினோம். சாயங்காலம் ஆறரைக்கு நடவு முடிச்சு வந்தவங்கள வாசல்ல உக்கார வச்சு பைக் லைட்டுல ரத்தம் எடுத்தோம். சில வீட்டுல மறுத்தாங்க, "பாசிட்டிவுன்னு சொல்லி வண்டில ஏத்திட்டுப் போயிடுவீங்க"ன்னு. அந்த பயம் அவங்க தப்பு இல்ல. முன்னாடி நாம வீட்டு வாசல்ல நோட்டீஸ் ஒட்டி, சில இடத்துல தகரம் அடிச்சு, தெருவே அந்த வீட்ட பாக்கற மாதிரி வச்சோம். அப்படி செஞ்சா அடுத்த தடவ காய்ச்சல் வந்தா மறைக்கத்தான் செய்வாங்க, மறைச்சா கணக்கு கெடும், கணக்கு கெட்டா படுக்கை எத்தன வேணும்னு தெரியாது. தகரம் அடிச்சதுக்கு நாங்க ரத்தம் எடுக்கப்போன எடத்துல வட்டி கட்டினோம்.

அந்த சர்வேல வந்தது என்னன்னா, மாநிலம் பூரா ஏறக்குறைய 32 சதவீதம் பேருக்கு தடம் இருந்துச்சு. அதாவது ரெண்டு கோடி பேருக்கு மேல வந்துட்டுப் போயிடுச்சு, ஆனா நவம்பர் கடைசில டெஸ்டுல உறுதியானது எட்டு லட்சத்துக்கும் கீழதான். மாவட்டத்துக்கு மாவட்டம் பெரிய வித்தியாசம், நீலகிரில 11 சதவீதம், நமக்கு வடமேக்க பெரம்பலூர்ல 51. டவுன்ல 37, கிராமத்துல 27. இந்தக் கடைசி ரெண்டு நம்பரத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்லிகிட்டே இருந்தேன். கிராமத்துல நாலுல மூணு பேருக்கு கொரோனா இன்னும் தொடவே இல்ல. 2021 தையில, மாசில ஊர்ல என்ன பேச்சு? "கொரோனாலாம் போயிடுச்சு, நமக்கு எதிர்ப்பு சக்தி, பழைய சோறு." பொங்கல், காதுகுத்து, கல்யாணம், எலக்ஷன் கூட்டம் எல்லாம் தடபுடலா நடந்துச்சு. மார்ச்ல தஞ்சாவூர் மாவட்டத்துல பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா பிள்ளைங்களுக்கு பரவினதே ஒரு மணி அடிச்ச மாதிரி. மே மாசம் அது கிராமத்துக்குள்ள வந்தப்ப யாருக்கும் ஆச்சரியம் ஆகியிருக்கக்கூடாது. நம்பர் சொன்னத காதுல போட்டுக்கலன்னா அதுக்கு நம்பர் என்ன பண்ணும்.

காண்டாக்ட் டிரேசிங் பத்தியும் ஒரு வார்த்த. யாரு யாரோட பேசினா, எந்த வண்டில வந்தான்னு நம்ம சுகாதார ஆய்வாளர்களும் நர்சம்மாக்களும் வீடு வீடா கேட்டு எழுதினாங்களே, ஜனங்க "போலீஸ் மாதிரி கேக்கறாங்க"ன்னு திட்டினாங்களே, அந்த நோட்டுங்க, ஆந்திராவோட நோட்டும் சேத்து, சயின்ஸ் பத்திரிகைல 2020 செப்டம்பர் 30 கட்டுரையா வந்துச்சு. 84,965 நோயாளிங்க, அவங்களோட பழகின 5,75,071 பேரு. உலகத்துலயே அந்த நேரத்துல அவ்வளவு பெரிய கணக்கு அபூர்வம். நோய் வந்தவங்கள்ல 71 சதவீதம் பேரு, தேடிப் பாத்தவங்கள்ல ஒருத்தருக்கும் பரப்பல. கொஞ்சம் பேருதான் நெறய பேருக்கு பரப்பினாங்க. பக்கத்து பக்கத்து சீட்டுல மணிக்கணக்கா ஒண்ணா வந்தவங்களுக்கு ஆபத்து ரொம்ப. பிள்ளைங்களுக்கு வராது, பரப்பமாட்டாங்கன்னு சொல்லிகிட்டு இருந்ததையும் இந்தக் கணக்கு ஆட்டிடுச்சு, ஒரே வயசுப் பிள்ளைங்களுக்குள்ள நல்லாவே பரவுதுன்னு. இன்னொண்ணு, இங்க செத்தவங்கள்ல பாதிப்பேரு ஆஸ்பத்திரில சேந்து ஒரு வாரத்துக்குள்ளயே செத்திருக்காங்க, அமெரிக்கால அதுக்கு ரெண்டு மடங்கு நாள் ஆகும். நம்மாளுங்க மூச்சு முட்டினப்புறம்தான் ஆஸ்பத்திரிக்கு வர்றாங்கன்னு அதுக்கு ஒரு அர்த்தம். இத லண்டன்லயோ சென்னைலயோ உக்காந்து கண்டுபிடிக்க முடியாது, வலங்கைமான்லயும் வேதாரண்யத்துலயும் வெயில்ல நடந்து எழுதின நோட்டு வேணும்.

அந்த நோட்டு ஏன் இங்க இருந்துச்சு, வேற பல மாநிலத்துல ஏன் இல்ல? நமக்கு பொது சுகாதாரத்துக்குன்னே தனி இயக்குனரகம், தனி ஆளுங்க. மெட்ராஸ் பொது சுகாதாரச் சட்டம் 1939லயே வந்தது. எழுதி வைக்கற பழக்கம் அதுக்கும் முன்னாடி நம்ம மண்ணுல உண்டு, சரபோஜி மன்னர் கண் நோயாளிங்களோட விவரத்த, கண்ணு படத்தோட, ஆள் ஆளா எழுதி வச்சது இன்னும் தஞ்சாவூர் சரஸ்வதி மகால்ல இருக்கு, போனா கேட்டுப் பாருங்க. கொஞ்சம் விலகிப் போயிட்டேன், மன்னிக்கணும்.

சாவுக்கணக்குக்கு வர்றேன், உங்க படிப்புக்கு இதான் முக்கியம்னு எனக்குத் தோணுது. கொரோனால செத்தாங்களா, சர்க்கரைல செத்தாங்களா, கொரோனாவோட செத்தாங்களான்னு ஊர் பூரா சண்டை. 2020 ஜூலைலயே சென்னைல விட்டுப்போன 444 சாவ அப்புறம் சேத்தாங்க. உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாசம், 2020, 2021 ரெண்டு வருஷத்துல இந்தியால வழக்கத்துக்கு மேல 47 லட்சம் பேரு செத்திருப்பாங்கன்னு ஒரு மதிப்பீடு சொல்லுச்சு, அரசு கணக்குல 4.8 லட்சம். கணக்குப் போட்ட முறையே தப்புன்னு மத்திய அரசு மறுத்துடுச்சு. இந்த சண்டைல நீங்க எந்தப் பக்கம் வேணா நில்லுங்க, ஆனா "வழக்கத்துக்கு மேல"ன்னா என்னன்னு புரிஞ்சுக்கங்க. தமிழ்நாட்டுல வருஷத்துக்கு ஆயிரம் பேருக்கு சுமார் 6 பேரு சாவாங்க. 3,000 பேரு இருக்கற பஞ்சாயத்துல வருஷத்துக்கு ஒரு 18. ஒரு வருஷம் அது 30 ஆச்சுன்னா, செத்தவங்கள்ல ஒருத்தருக்கும் டெஸ்ட் எடுக்கலன்னாலும், அந்த ஊர்ல என்னமோ நடந்திருக்குன்னு அர்த்தம். என்ன நோயின்னு டாக்டர் எழுதறதுல தப்பு வரலாம், மறைக்கலாம், சாவு மறையாது. பொணத்த எரிக்கணும், சர்டிபிகேட் வாங்கணும், பேங்குல காட்டணும். கிராமத்துல அத பதியறது வி.ஏ.ஓ., அந்தப் பதிவேடு நம்ம மாநிலத்துல ஓரளவு முழுசாவே இருக்கும்.

இது வெறும் படிப்பு விஷயம் இல்ல. கொரோனால செத்தவங்க குடும்பத்துக்கு 50,000 ரூபா குடுக்கணும்னு 2021 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் சொன்னப்ப, எங்க பி.எச்.சி. வாசல்ல பொம்பளைங்க காகிதத்தோட நின்னாங்க. வீட்டுலயே செத்தவரு, டெஸ்ட் எடுக்கல, சி.டி. ஸ்கேன் மட்டும் எடுத்தது, ஆஸ்பத்திரி சீட்டுல "நிமோனியா"ன்னு மட்டும் இருக்கறது. ஒரு அம்மா சொன்னாங்க, "சார், அன்னைக்கு நீங்க என்ன எழுதினீங்களோ அதத்தான் இன்னைக்கு பணம் குடுக்க ஆதாரமா கேக்கறாங்க." எனக்கு பதில் வரல.

அதே ஆயிரத்துக்கு 6 கணக்குதான் தடுப்பூசி பயத்துக்கும். 2021 ஏப்ரல் 15 நடிகர் விவேக் ஊசி போட்டுகிட்டாரு, 17ந்தேதி தவறிட்டாரு, அவ்வளவுதான், எங்க கேம்ப்ல ஆளே இல்ல. ஊசியால இல்லன்னு நிபுணர் குழு ஆராய்ஞ்சு சொன்னது அக்டோபர்ல. நடுவுல ஆறு மாசம். தமிழ்நாட்டுல ஊசியே இல்லாத காலத்துலயும் ஒரு நாளைக்கு சுமார் 1,200 பேரு சாவாங்க, லட்சக்கணக்குல ஊசி போட்டா அதுல சிலர் மறுநாள் சாவத்தான் செய்வாங்க, கேள்வி என்னன்னா வழக்கத்த விட ஜாஸ்தியா சாவுறாங்களா. நான் இத மரத்தடில சொன்னா நாலு பேரு தலையாட்டுவாங்க, ஊசிக்கு வரமாட்டாங்க. ஒரு நர்சம்மா மொதல்ல தன் மாமியாருக்கு எல்லார் முன்னாடியும் போட்டாங்க, அன்னைக்கு மத்தியானமே க்யூ நின்னுச்சு. என் புள்ளிவிவரம் தோத்துச்சு, ஒத்துக்கறேன்.

சமூக ஆராய்ச்சிதான் நெறய சொதப்பினது, இதுல நான் உங்க கட்சி. ஊரடங்குல நேர்ல போக முடியாதுன்னு எல்லாரும் போன்ல சர்வே எடுத்தாங்க. போன் யாருகிட்ட இருக்கும்? வீட்டு ஆம்பளைகிட்ட. ரீசார்ஜ் பண்ணாம கெடக்கற போன் யாரோடது? நூறு நாள் வேலைக்குப் போற அம்மாவோடது. நகரத்துலேர்ந்து ஒரு குழு எங்க பக்கம் போன்ல கேட்டு, விவசாய வேலை பெருசா பாதிக்கலன்னு அறிக்கை எழுதினத நான் பாத்தேன். ஏப்ரல்ல உளுந்து எடுக்க ஆளு வரமுடியாம காய் வெடிச்சு கொட்டுச்சு, வெத்தலையும் வாழையும் லாரி இல்லாம நின்னுச்சு, நாகப்பட்டினத்துல மீன்பிடித் தடைக்கு முன்னாடியே படகு கரைல. ஜூன் 12 மேட்டூர் தொறந்ததும் குறுவைக்கு வேலை வந்துச்சு, அதுக்கு அப்புறம் கேட்டா பாதிக்கலன்னுதான் சொல்லுவாங்க. எந்த மாசம் கேட்டோம்ங்கறது டெல்டால பாதி பதில்.

முன்னாடியே நோட்டு இருந்தா என்ன ஆகும்ங்கறதுக்கு பிள்ளைங்க படிப்பு ஒரு உதாரணம். தமிழ்நாட்டு கிராமத்துல சுமார் 19,000 பிள்ளைங்கள வச்சு ஒரு ஆய்வு நடந்துச்சு, அந்த ஊர்ப் பிள்ளைங்களுக்கு 2019லயே கணக்கு தமிழ் டெஸ்ட் வச்ச விவரம் கையில இருந்தது. 2021 டிசம்பர்ல திரும்ப வச்சு எவ்வளவு பின்னாடி போயிட்டாங்கன்னு கண்டுபிடிச்சாங்க, ஆறு மாசத்துல அதுல மூணுல ரெண்டு பங்கு மீண்டுட்டாங்க, அந்த மீட்சில ஏறக்குறைய நாலுல ஒரு பங்கு, தன்னார்வலர்கள் சாயங்காலம் பாடம் சொல்லிக்குடுத்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தாலன்னும் சொல்ல முடிஞ்சுச்சு. பழைய டெஸ்ட் இல்லன்னா ஊருக்கு ஒரு கருத்து சொல்லிட்டு இருந்திருப்போம். தேசிய குடும்பநல சர்வே பாருங்க, தமிழ்நாட்டுல 2020 ஜனவரில ஆரம்பிச்சு மார்ச் 21 நின்னு, டிசம்பர்ல திரும்ப ஆரம்பிச்சு 2021 மார்ச்ல முடிஞ்சுது. அத ஒரே நம்பரா எடுத்துப் பேசறவங்கள பாத்தா எனக்கு பத்திகிட்டு வரும், ஒரு பகுதி பேர கேட்டது ஊரடங்குக்கு முன்னாடி, மீதிப்பேர பின்னாடி.

எங்க பக்கத்து தப்பும் ஒண்ணு சொல்லணும். அந்த அப்பாயி ரத்தம் குடுத்துட்டு "முடிவ வந்து சொல்லுங்க"ன்னுச்சு. சொல்லல. 32 சதவீதம்னு பேப்பர்ல வந்துச்சு, கட்டுரையா வந்துச்சு, ஊருக்கு வரல. நான் போனது 2021 கடைசில, வேற வேலையா, அப்ப கேட்டுச்சு, "உருவின நெல்லு ஈரமா காஞ்சதா?" கிராமசபைல பத்து நிமிஷம் சொல்ல எந்த ஆராய்ச்சிக்காரனுக்கும் காசு ஆகாது. உங்க கோவத்துக்கு அடில இதான் இருக்குன்னு நெனக்கறேன் தம்பி, ரத்தம் எங்களுது கட்டுரை அவங்களுதான்னு.

பிராஜெக்ட் பண்ணப் போறீங்கன்னா, முறைப்படி காலேஜ் கடுதாசியோட தாசில்தார் வழியா அனுமதி வாங்கி, ஒரு பத்து பஞ்சாயத்து இறப்புப் பதிவேட்டுல 2018லேர்ந்து 2021 வரைக்கும் மாசவாரியா எண்ணிக்கை மட்டும் எடுங்க. பேரு, வீடு எதுவும் எழுதாதீங்க. வயசு, ஆணா பொண்ணா, வீட்டுலயா ஆஸ்பத்திரிலயா, அது போதும். ஆஸ்பத்திரில செத்தவங்க பதிவு அந்த ஆஸ்பத்திரி இருக்கற ஊர்ல இருக்கும், மன்னார்குடி ஆளு தஞ்சாவூர் மெடிக்கல்ல செத்தா தஞ்சாவூர்ல பதிவு, அத விட்டுட்டா உங்க கிராமத்துல சாவு குறைஞ்ச மாதிரி தெரியும். பஞ்சாயத்து தேர்ந்தெடுக்கறப்ப சீட்டுக் குலுக்குங்க, பஸ்ஸு போற ஊரா பொறுக்காதீங்க. அப்புறம் மயிலாடுதுறைய தனியா போட்டு 2019ஓட ஒப்பிட்டு வச்சிடாதீங்க, போன வருஷம் ஒரு பொண்ணு அப்படி எழுதிட்டு வந்து திருத்த வேண்டியதாப் போச்சு. அது தனி மாவட்டம் ஆனதே 2020 டிசம்பர் 28, அதுக்கு முன்னாடி கணக்கெல்லாம் நாகப்பட்டினத்துக்குள்ள கெடக்கு.